பச்சைக் கட்டம் முகத்தில் விழட்டும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ‘சரிப்பா’ என்றேன். அந்தச் சரியை இந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். “வளகாப்புக்கு அப்பா கேமராவ மறக்காம எடுத்துக்கினு வந்துடும்மா. நீ எடுக்குற மாதிரி வேற யாருக்கும் ஷார்ப்பா வராது” என்றாய். போனை வைத்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், மேல வீதி டீச்சரம்மாவின் ரவிக்கைக்கு இடது கையை எடுத்து வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். அப்படி ஒரு தப்பு என் கையிலிருந்து வந்ததே இல்லை. அதைப் பிரிக்கும்போதுதான் தோன்றியது, இதைப் போனில் பேசக் கூடாது, எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று. போனில் என்றால் நடுவில் ‘அதெல்லாம் இல்லம்மா’ என்பாய். உன் குரலைக் கேட்டு நான் இளகிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இந்தக் கூரியர் பெட்டியில் கடிதத்தோடு கேமராவும் இருக்கிறது, பார்த்திருப்பாய். பேட்டரிக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றியிருக்கிறேன். ஏன் அனுப்பினேன் என்று கடைசியில் சொல்கிறேன், வரிசையாகப் படித்துக்கொண்டு வா. படித்து முடித்ததும் ஒளித்து வைக்க வேண்டாம். யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. உன் பெரியம்மாவுக்கு முதலில் காட்டு.

இந்தக் கேமரா வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாய். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோன உன் அப்பா, தீபாவளி போனஸில் எனக்குப் புடவை எடுக்காமல் இந்த வெள்ளி நிற டப்பாவை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு போட்டோ எடுத்தார். அதிலிருந்து நம் வீட்டில் எது நடந்தாலும் அவர்தான் எடுப்பார். உன் பிறந்த நாள், ஆனித் திருமஞ்சனத் தேர், பிச்சாவரத்தில் படகில் உட்கார்ந்து நீ பயந்து அழுதது, எல்லாவற்றிலும் நீ இருப்பாய், நான் இருப்பேன். அவர் இருக்க மாட்டார். எடுக்கிறவன் எடுக்கப்படுகிறவர்களோடு நிற்க முடியாது என்கிற சின்ன விஷயம் அப்போது நம் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைக்க இத்தனை காலம் ஆயிற்று.

ஒரே ஒரு தடவை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நீ கேமராவைப் பிடுங்கி எங்கள் இரண்டு பேரையும் நிற்கச் சொன்னாய். பொழுது சாயும் நேரம். நான் மாமாவோடு, உன் அப்பாவை நான் கூப்பிடுவது அப்படித்தானே, ஒட்டி நிற்கவில்லை. கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆனாலும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் புருஷனோடு ஒட்டி நிற்கக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள் எங்களை. நடுவில் இன்னொரு ஆள் நுழையலாம், அவ்வளவு இடைவெளி. நீயும் ஜூமை இழுத்து வைத்துக்கொண்டு ஒரே அமுக்காக அமுக்கிவிட்டாய். கேமராவின் கட்டம் படத்துக்கு நடுவில் இருக்கும், அந்தக் கட்டத்தில் எது விழுகிறதோ அதைத்தான் அது கூர்மையாகப் பிடிக்கும் என்று நீயே பிற்பாடு எனக்குச் சொல்லித் தந்தாய். அன்றைக்கு நடுவில் விழுந்தது, எங்களுக்குப் பின்னால் தூரத்தில் மணலில் கிடந்த ஒரு படகு. படகில் எழுதியிருந்த நம்பரைக்கூடப் படிக்கலாம். நானும் மாமாவும் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி கலங்கிப்போய் நிற்போம்.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மாலை போட ஒரு படம் வேண்டுமென்று வீடெல்லாம் தேடினோமே, கிடைத்தது அந்த ஒன்றுதான். ஸ்டுடியோக்காரர் அதிலிருந்து என்னை வெட்டி எறிந்துவிட்டு அவரை மட்டும் பெரிசாக்கினார். பெரிசாக்க ஆக்கக் கலங்கல்தான் பெரிசாயிற்று. “கேமரா புடிக்காதத நாங்க எங்கேந்தும்மா கொண்டாறது” என்றார் அவர். அந்தப் படம்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தாலும், கழற்றிவிட்டுப் பார்த்தாலும் மாமா ஒரே மாதிரிதான் தெரிகிறார். உன்மேல் எனக்கு அதில் கோபமில்லை, நீ சின்னப் பையன். தள்ளி நின்றது நான்.

உனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு கடலூரிலிருந்து நீ வந்தாய். பீரோவில் கிடந்த கேமராவை எடுத்துத் துடைத்தாய். புது பேட்டரி வாங்கிப் போட்டு என் கையில் கொடுத்து, “அப்பா இருந்தா அவுருதான எல்லாத்தையும் எடுத்திருப்பாரு? அவுரு கேமராவுல நீ எடும்மா. எனக்கு அது போதும்” என்றாய். ஊரே போனில் எடுத்துக்கொண்டிருக்கிற காலத்தில் இந்தப் பழைய டப்பா எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அடுப்படியில் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ‘எப்படிப் பிடிக்கணும் சொல்லு’ என்றேன். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நல்ல நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை, அதுதான் இப்போது ஜாஸ்தி வலிக்கிறது. காலை பஸ்ஸில் வருவாய். இட்லி சாப்பிட்டதும் பாடம் ஆரம்பிக்கும். நான் பொத்தானை ஒரே அமுக்காக அமுக்குவேன், படம் ஆடிப்போகும். “பாதி அமுக்கும்மா. அங்கியே நிறுத்து. பச்சைக் கட்டம் வரட்டும், ஒரு சத்தம் வரும், அப்பறம் மீதிய அமுக்கு” என்பாய். அது எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. மோட்டார் மெஷினின் பெடலும் அப்படித்தான், முழுசாக மிதித்தால் துணி ஓடிவிடும், பாதி மிதித்து நிறுத்தத் தெரிந்தவள்தான் கழுத்துப்பட்டி திருப்ப முடியும். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள், மூச்சை விட்டுவிட்டு அமுக்கு, ஜூமை இழுக்காதே, நாலு எட்டு முன்னால் போ என்றெல்லாம் சொன்னாய். வெள்ளைச் சுவரைக் காட்டினால் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் உள்ளேயும் வெளியேயும் போய்ப்போய் வரும். சுவரில் இருக்கிற ஆணியைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும். இரண்டு பேர் தள்ளி நின்றால் நடுவில் குறி வைக்காமல் ஒருத்தர் முகத்தில் கட்டத்தை வைத்துப் பாதி அமுக்கி, விரலை எடுக்காமல் அப்படியே கேமராவை நகர்த்தி, பிறகு மீதியை அமுக்க வேண்டும். இதைச் சொல்லித் தந்த அன்றைக்கு நாம் இரண்டு பேரும் கூடத்துப் படத்தைப் பார்த்தோம். நம் பிள்ளைக்கும் மனசில் அது இருக்கிறது என்று நினைத்து எனக்கு வயிறு குளிர்ந்தது.

நீ வராத நாட்களில் நானாகப் பழகினேன். பூப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறதே, கல்யாண வீட்டில் பூ ஜாஸ்தி இருக்கும், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதைப் போட்டுவிட்டுத் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் எடுத்தேன். எல்லாரும் கலங்கித்தான் வந்தார்கள். அது கிட்டத்தில் வைத்து எடுக்கிற சின்னச் சாமானுக்கு என்று நீ போனில் சொல்லிச் சிரித்தாய், நானும் சிரித்தேன். மார்கழித் தேர் கீழ வீதியில் திரும்புகிற முனையில் நின்று, தேர் வந்தபின் குறி வைக்காமல், அது வரப்போகிற இடத்தில் கிடந்த முட்டுக்கட்டைமேல் முன்கூட்டியே பாதி அமுக்கி வைத்துக் காத்திருந்தேன். தேர் அங்கே வந்ததும் மீதியை அமுக்கினேன். வடக்கயிற்றின் புரிகூடத் தெரிந்தது. ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, ‘எம் புள்ள கல்யாணத்துக்கு நான்தான் போட்டோகிராபர்’ என்று பீற்றிக்கொண்டேன். அப்படிப் பீற்றியதற்குத்தான் இன்றைக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

கல்யாணத்துக்குத் திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்தில் நுழைந்ததும் பார்த்தேன். பெரிய பெரிய கேமராவோடு ஆட்கள், தலைக்கு மேல் பறக்கிற ஒன்று வேறு. இருக்கட்டும், இந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமலா என்று தேற்றிக்கொண்டேன். எல்லாரும் ஏசி ரூமில் படுத்துக்கொண்டார்கள். நான் வெளியே வராண்டாவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ஏன் தெரியுமா? கடலூர்க் காற்றில் ஈரம் ஜாஸ்தி, ஏசியில் குளிர்ந்த கேமராவை வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும், முகூர்த்த நேரத்தில் படம் மங்கிவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். அந்தப் பைத்தியக்காரியை நினைத்துக்கொள்.

பாத பூஜைக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் மனையில் உட்கார்ந்ததை நான் குறை சொல்லவில்லை. பத்திரிகை அடிக்கும் முன்னே பெரியம்மா வீட்டுக்கு வந்து, “தாலி இல்லாதவ மேட ஏறக் கூடாதும்மா. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத, நாங்க முன்ன நின்னு நடத்தித் தரோம்” என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கும் சரி என்றேன். மேடையில் அவள் போட்டுக்கொண்டு உட்கார்ந்த ரவிக்கையும் நான் தைத்ததுதான். நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. சாஸ்திரமெல்லாம் முடிந்து, தாலி கட்டியாகி, குடும்பத்தோடு நின்று எடுக்கிற ஒரு படத்தில் உன் பக்கத்தில் நிற்பது. அதற்கு எந்தச் சாஸ்திரம் குறுக்கே நிற்கிறது?

அந்த நேரமும் வந்தது. கேமராக்காரர், “மாப்பிள்ளையோட அம்மா எங்கப்பா, மேல வரச் சொல்லுங்க” என்று கூப்பிட்டார். நான் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு அவரிடம், “அம்மா கேமராவுல இருக்காங்கண்ணே. நீங்க எடுங்க” என்றாய். குரலில் ஒரு அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. என்றைக்கோ யோசித்து வைத்திருந்த பதில் மாதிரி வந்தது. நான் காலைக் கீழே வைத்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உன் முகத்தில் கட்டத்தை வைத்து, பாதி அமுக்கி, சத்தம் கேட்டு, மீதியை அமுக்கினேன். கை நடுங்கவே இல்லை. அந்தப் படத்தைத்தான் நீ இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறாய், உன் நெற்றி வியர்வைகூடத் தனித்தனியாகத் தெரிகிறது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை, தம்பி. வேலை மும்முரத்தில் பிள்ளை ஏதோ சொல்லிவிட்டான் என்றுதான் மனசைத் தட்டிக்கொடுத்தேன். ஆல்பம் வந்தது. தூக்க முடியாத கனம். முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். பந்தியில் இலை எடுக்க வந்த பெண்கூட ஒரு படத்தில் இருக்கிறாள். நான் ஒன்றில் இருக்கிறேன், ஓரத்தில், பாதி உடம்பாக. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு டப்பா இருக்கிறது.

போன மாதம் மருமகள் சுகன்யா சிதம்பரம் வந்தாளே, வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது, ரவிக்கைகளைப் பிரித்துவிட்டுத் தரச் சொன்னாள். டேப்பை வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் நல்ல பெண், மனசில் கள்ளமில்லை. உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னாள். “அவுருக்கு உங்க மேல எவ்ளோ அக்கறை தெரியுமா அத்தை? அம்மாவ யாராச்சும் மேடையில வச்சு ஒரு வார்த்த சொல்லிட்டா தாங்க மாட்டாங்க, கையில கேமராவக் குடுத்துட்டா அவுங்களே மேல வர மாட்டாங்கன்னு, நிச்சயம் பண்ணப்பவே என்கிட்ட சொன்னாரு.” டேப்பைச் சுருட்டி வைத்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் பஸ் ஏறியதும் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு உன் அப்பாவின் கலங்கிய மூஞ்சியைப் பார்த்தபடி இருந்தேன்.

பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது. நீ கெட்டிக்காரன்தான். பெரியம்மா என்னைச் சுட்டாள், சுட்டது தெரிகிற மாதிரி சுட்டாள். நீ ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக பஸ் ஏறி வந்து, என் இட்லியைத் தின்றுகொண்டு, என் விரலைப் பிடித்துப் பாதி அமுக்கச் சொல்லித் தந்து சுட்டாய். ‘அம்மா, நீ மேடைக்கு வந்தா சம்பந்தி வீட்டுல பேசுவாங்க, எனக்கு அவுங்கள எதுத்துப் பேசத் தைரியம் இல்ல’ என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், மறுநாள் உனக்கு மீன் குழம்பு வைத்திருப்பேன். அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. செத்துப்போன மனுஷனின் பேரைச் சொல்லி என்னை ஏமாற்ற வந்தது. ‘அப்பா இருந்தா அவுருதான எடுத்திருப்பாரு’ என்றாயே, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் இருந்திருந்தால் நீ என் கையில் கேமரா கொடுத்திருக்க மாட்டாய், அதுதான் உண்மை. இனி உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது. அதனிடம் கசப்பாக எதையாவது சொல்ல வேண்டி வந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு நைசாக நழுவாதே. பிள்ளைகள் வளர்ந்த பிறகு கண்டுபிடித்துவிடும். அம்மாக்கள்கூடக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், கொஞ்சம் தாமதமாக.

இப்போது வளைகாப்புக்கும் அதே வித்தை. பெரியம்மா போன் பண்ணியாயிற்று. சுமங்கலிகள்தான் வளையல் போட வேண்டுமாம், நான் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதற்குப் பின்னாலேயே உன் போன், கேமராவை மறக்காதே என்று. நான் பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள். சன்னதித் தெருவில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறேன். சுகன்யாவின் மணிக்கட்டு அளவு எனக்குத் தெரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவளுக்குப் போன் பண்ணி, ‘நான் முன்னால வந்து ஒக்காந்து ஒனக்கு வளையல் போடப் போறேன், ஒனக்குச் சம்மதமா’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ‘வாங்க அத்தை’ என்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தையும் நான் கவனித்துக்கொண்டேன், ஆனால் அவள் வா என்றுதான் சொன்னாள். மாமாவோடு நிற்கும்போது நாலு பேர் பார்ப்பார்கள் என்று தள்ளி நின்றேன், அவர் முகம் போயிற்று. மேடைப் படியிலிருந்து காலை இறக்கினேன், என் முகம் போயிற்று. மூன்றாவது தடவை தள்ளி நிற்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

அதனால்தான் கேமராவை முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். அன்றைக்கு நீ எடுக்கிறாய். நான் மாமா எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு சுகன்யாவுக்குப் பக்கத்தில், ஒட்டி உட்கார்ந்திருப்பேன், நடுவில் இடைவெளி இருக்காது. யாராவது எழுந்திருக்கச் சொன்னால் சொல்லட்டும். நீயும் சொல்வதென்றால் சொல், ஆனால் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து ‘எழுந்திரும்மா’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எழுந்துவிடுகிறேன், சத்தியமாக. அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் வந்துவிடுவேன், அப்புறம் நீ கடலூர், நான் சிதம்பரம். சொல்ல முடியாவிட்டால் கேமராவைக் கையில் எடு. லென்ஸைக் கைக்குட்டையால் தேய்க்காதே, வாயால் ஊதிப் பஞ்சால் துடை. பூப் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார், அதைப் போட்டு வளையல்களைப் படம் எடுத்துப் பார்த்தேன், மாற்றிவைக்க மறந்திருப்பேன். ஜூமை இழுக்காதே, கிட்டே வா, என் கண்ணைப் பார்க்க முடிகிற தூரத்துக்கு வா. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள். கட்டத்தைச் சீர்த் தட்டில் வைக்காதே, வளையலில் வைக்காதே, பெரியம்மாவின் நெக்லஸில் வைக்காதே. என் முகத்தில் வை. பாதி அமுக்கு. பச்சை வருகிறவரைக்கும் காத்திரு. உன் கை நடுங்கும், நடுங்கட்டும், மூச்சை விட்டுவிட்டு மறுபடி அமுக்கு.

நான் அசைய மாட்டேன்.

அம்மா